லிண்டன் வென்ற வருடம்

ஆகஸ்ட் 24, சனி

மலர் இன்று காலை சட்டம் போட்டுவிட்டாள். "கலியாணம் முடியுமட்டும் இந்த வீட்டிலை பந்துக் கதை கதைக்கக் கூடாது. கதைச்சால் நான் அடுப்புப் பக்கம் போகமாட்டன்" என்றாள். சொன்னால் செய்வாள். அதனால்தான் இந்தக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். கொப்பி என்னை இடைமறித்து மண்டப வாடகை பற்றிக் கேட்காது.

எங்கள் மகள் ஆரணிக்குக் கலியாணம். மாப்பிள்ளை கஜன், ரொறன்ரோவில் இருக்கிறான். அடுத்த மே மாதம் 17ஆம் திகதி, இங்கேயே, ஜெர்மனியில். நாள் குறித்ததில் எனக்கும் பங்குண்டு. குருக்கள் இரண்டு நாள் பார்த்துத் தந்தார். ஒன்று ஏப்ரல் 26. அன்றைக்கு எங்கள் நகரத்து உதைபந்தாட்ட அணி லிண்டன் பக்கத்து நகரத்தாரோடு மோதுகிறது. வருடத்தில் ஒருமுறைதான் அவர்கள் எங்கள் மைதானத்துக்கு வருவார்கள், அதை விட்டுவிட்டு மணவறைக்குப் பக்கத்தில் நிற்க என்னால் ஏலாது. மற்றது மே 17, சீசனின் கடைசி நாள். கடைசி நாளில் லிண்டன் எப்போதும் எட்டாம் இடத்திலோ ஒன்பதாம் இடத்திலோ காலை நீட்டிப் படுத்திருக்கும். யாருக்கும் நட்டமில்லை. மே 17 என்றேன். எல்லோரும் சரி என்றார்கள்.

நான் அகதியாக இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த வருடம் லிண்டன் சம்பியன் ஆனது. வீதியெல்லாம் பச்சைக் கொடி. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் இருக்குமாக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் ஒன்றுமில்லை.

கலியாணம் முடிய ஆரணி கனடா போகிறாள். பிள்ளைகள் போகத்தானே வேண்டும். முதல் ஆட்டம் 2-0. வென்றோம்.

செப்டம்பர் 28, சனி

ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. வீட்டில் சொல்ல ஆளில்லை. குளியலறையில் போய்க் கையைத் தட்டினேன்.

நவம்பர் 9, சனி

நான் இந்த நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறேன். ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் வேலை நேரத்தை யாரோடாவது மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். ஆரணியும் வருவாள். ஆறு வயதிலிருந்து வருகிறாள். அப்போது என் தோளில் இருந்தாள், இப்போது இருபத்தேழு வயதில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு நடுவரை நான் பயன்படுத்தாத வார்த்தைகளால் ஏசுகிறாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, வாடிக்கையாளரிடம் எவ்வளவு மரியாதையான பிள்ளை.

இன்று அவள் வரவில்லை. தாயும் மகளும் கூறைச் சேலை பார்க்கப் போய்விட்டார்கள். வெறும் கதிரையில் என் ஜாக்கெட்டை வைத்தேன். 1-1. கடைசி நிமிடத்தில் கோல் விட்டோம். கூறையை ஒரு வார நாளில் பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது சேலையைத் தோளில் போட்டுக் காட்டினாள். "எப்பிடி அப்பா?" என்றாள். "சிவப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். கூறை சிவப்பாகத்தான் இருக்கும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 28, சனி

குளிர்கால விடுமுறை. ஆட்டமில்லை. லிண்டன் முதலாம் இடத்தில் நிற்கிறது. நான் எழுதுவதை நானே நம்பாமல் பத்திரிகையை இன்னொருமுறை எடுத்துப் பார்த்தேன்.

கஜன் நத்தார் பண்டிகைக்கு வந்து நிற்கிறான். அவனிடம் பிழை பிடிக்கலாம் என்று நாலு நாளாய் முயல்கிறேன். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறான். மலருக்கு முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வந்திருக்கிறான். ஒரேயொரு குறை, பந்து தெரியாது. ஐஸ் ஹொக்கி பார்ப்பானாம்.

"மாமா, ஓவ்சைட் எண்டால் என்ன?" என்று கேட்டான்.

உப்பு, மிளகுப் போத்தல்களை மேசையில் வைத்து விளக்கினேன். மலர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை கேட்டதால் சட்டத்தை அவளால் காட்ட முடியவில்லை. அரைமணி நேரம் நல்ல சந்தோசம். பிறகு அவன், "ஆரணிக்கு அங்கை வேலை சரிவந்திட்டுது மாமா, ஜூனிலை தொடங்கலாம்" என்றான். போத்தல்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவனுக்கு இனி விளங்காது.

பெப்ரவரி 15, சனி

வென்றோம். ஆனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்து வந்து சப்பாத்து அலுமாரியை ஒழுங்குபடுத்தினேன். அது ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு பால்கனியைக் கழுவினேன். இந்தக் குளிரில் தண்ணீர் உறைந்து, மலர் வழுக்கப் பார்த்து, "உங்களுக்கு என்ன விசரோ?" என்று கேட்டாள்.

சம்பியன் ஆகப்போகிற பயம்தான். வேறென்ன.

மார்ச் 15, சனி

ஏழு புள்ளி முன்னுக்கு நிற்கிறோம். இரண்டாவது இடத்தில் தெற்குப் பணக்கார அணி. இன்னும் எட்டு ஆட்டம். இப்படியே போனால் மே மாதத்துக்கு முன்னரே முடிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு எங்கள் ஆட்களைத் தெரியும், நம்ப முடியாது. கடைசி நாள்வரை இழுத்தால் என்ன செய்வது? மே 17, மூன்றரை மணிக்கு ஆட்டம், எங்கள் மைதானத்தில். அந்த நேரம் நான் பட்டு வேட்டியோடு பந்தியில் நின்று பாயாசம் காணுமா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகையால் குருக்களைப் பார்க்கப் போனேன். குருக்கள் வார நாட்களில் பார்சல் கிடங்கில் வேலை செய்கிறார், சனி ஞாயிறில் கோயில். தன் வான் வண்டியில் பூசைச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கலியாண நாளை ஜூன் எட்டுக்கு மாத்த ஏலாதோ?"

"மாத்தலாம். ஏன் தவபாலன், ஆரும் ஏதும் சொன்னவையோ? கிரகம் ஏதும் பிழையெண்டு?"

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு பக்கமாக ஆட்டினேன். அது எந்தப் பக்கம் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார்.

மார்ச் 20, வியாழன்

குருக்கள் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் இப்படிப்பட்ட வேலையெல்லாம் நடக்கிறது. பெண்வீட்டார் சங்கடப்படக் கூடாது என்று தானே ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்து, கஜனின் தாயிடம், சனியின் பார்வையில் ஒரு சிறிய ஐயம் உண்டு, ஜூன் எட்டு நல்லது என்று சொல்லியிருக்கிறார்.

கஜனின் தாய் தையல்நாயகி அக்கா இன்று மலரை அழைத்தார். மலர் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"நாப்பது பேருக்கு டிக்கெற் போட்டாச்சு. அது கிடக்கட்டும். பிள்ளையின்ரை சாதகத்திலை ஏதும் இருந்தால் முதலே சொல்லியிருக்க வேணும். இப்ப வந்து நாள் மாத்துறது எண்டால் சனம் என்ன நினைக்கும்? பொம்பிளைக்கு விருப்பமில்லையோ, வேறை ஏதும் விசயமோ? எங்கடை ஆக்களுக்கு வாய் சும்மா இருக்குமோ?"

மலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் குப்பை கொட்டப் போனேன். கீழே நின்று வெகு நேரம் கடதாசியை ஒரு வாளியிலும் பிளாஸ்டிக்கை ஒரு வாளியிலும் பிரித்துப் போட்டேன்.

மார்ச் 29, சனி

இரண்டு சாதகத்தையும் அங்கே ஒரு சாத்திரியாரிடம் கொடுத்திருக்கிறார்களாம். அவர் பார்த்துச் சொல்லும்வரை அழைப்பிதழ் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கஜன் ஆரணியோடு கதைக்கிறான், ஆனால் தாயை மீற அவனால் முடியாது.

மலர் இன்று விரதம். கோயிலில் சனீஸ்வரனுக்கு எள் எரித்துவிட்டு வந்து, காகத்துக்குச் சோறு வைத்தாள். இந்த நகரத்தில் காகம் சோறு தின்னாது, பேக்கரிப் பாண்தான் தின்னும். மூன்றாம் மாடிப் பால்கனியில் நின்று "கா, கா" என்று கூப்பிட்டாள். கீழ்வீட்டு ஜெர்மன்காரி எட்டிப் பார்த்தாள். நான் உண்டாக்கிய கிரகத்துக்கு என் மனைவி பசி கிடக்கிறாள். இதற்கு மேல் ஒரு மனிதன் வெட்கப்பட முடியுமா தெரியவில்லை.

மைதானத்துக்குத் தனியேதான் போனேன். 0-2. தோல்வி.

ஏப்ரல் 5, சனி

மறுபடி தோல்வி. தெற்குப் பணக்காரர்கள் தங்கள் இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டார்கள். ஒரு புள்ளிதான் இடைவெளி. ஆரணி சாப்பிடாமல் கடைக்குப் போய் வருகிறாள். மேசையில் யாரும் கதைப்பதில்லை. இப்போது பந்தைப் பற்றிக் கதைத்தாலும் மலர் ஒன்றும் சொல்லமாட்டாள். கதைக்கத்தான் மனமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று ஆரணி என் ட்ராமில் ஏறினாள். ஓட்டும்போது சாரதியோடு கதைக்கக் கூடாது. அது தெரிந்த பிள்ளை, எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசித் தரிப்பிடம்வரை நின்றாள். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். பார்க்காமல் ஓட்ட முயன்றேன். கடைசித் தரிப்பில் கொஞ்ச நேரம் நிற்பேன். சனம் எல்லாம் இறங்கிய பிறகு கேட்டாள்.

"குருக்களைக் கண்டனான் அப்பா. நீங்கள்தான் நாள் மாத்தச் சொல்லிக் கேட்டனீங்களாம்."

மறைக்க ஒன்றுமில்லை. கடைசி ஆட்டம், முப்பத்தொரு வருடம், கோப்பை, எல்லாம் சொன்னேன். முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அம்மா எள் எரிக்கிறா, தெரியுமோ?"

"தெரியும்."

"நீங்கள் குருக்களிட்டைப் போகேக்கை லிண்டன் ஏழு புள்ளி முன்னுக்கு நிண்டது. மே மாசத்துக்கு முன்னமே கப் எங்கடை எண்டு ஊரே சொன்னது. அப்ப என்னத்துக்கு நாள் மாத்தக் கேட்டனீங்கள்?"

"எங்கடை ஆக்களை நம்பேலாது பிள்ளை."

"அப்பா, ஜூன் எட்டெண்டால் நான் இன்னும் மூண்டு கிழமை உங்களோடை நிப்பன். அதைச் சொல்லுங்கோவன்."

சமிக்கை விழுந்துவிட்டது. கதவை மூட வேண்டும் என்றேன். அவள் இறங்கிக் கடைக்குப் போனாள். நான் இரண்டு தரிப்பிடங்களில் மணியடிக்க மறந்துபோனேன். அவள் சொன்னது சரியில்லை. ஆட்டத்துக்காகத்தான் கேட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ரொறன்ரோவுக்கு நானே எடுத்தேன். மலரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு எடுத்தேன். இரண்டு முறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"அக்கா, கிரகத்திலை ஒரு பிழையுமில்லை. பிழை என்னிலை. அண்டைக்கு ஒரு ஃபுட்போல் மாட்ச் இருக்கு."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"ஃபுட்போலோ?"

"ஓம் அக்கா."

"தம்பி, நான் இஞ்சை மூண்டு கிழமையாய் நித்திரையில்லை. பொடியன் சாப்பிடுறானில்லை. நீங்கள் பந்துக்கோ இவ்வளவும் செய்தனீங்கள்?" பிறகு பெருமூச்சு விட்டார். "என்ரை மனுசன் உயிரோடை இருக்கேக்கை, கஜன் பிறந்த அண்டு கிரிக்கெட் பாத்துக்கொண்டு நிண்டிட்டு அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். இந்த வருத்தம் எனக்குப் புதிசில்லை. ஆனால் ஒண்டு. கலியாணத்தண்டு பொம்பிளை மாப்பிள்ளை மண்டபத்தாலை வெளிக்கிடுமட்டும் நீங்கள் ஃபோனையோ ரீவியையோ பாக்கக் கூடாது. வாக்குத் தரவேணும்."

கொடுத்தேன். மே 17, மாற்றமில்லை.

மலர் எழுந்து போனாள். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 12, சனி

வென்றோம். மலர் இன்றும் விரதம். "இனி ஏன்?" என்று கேட்டேன். மூன்று நாளைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் வசனம்: "தொடங்கினதை நடுவிலை விடக்கூடாது." கொஞ்சம் கழித்து, "உங்களுக்காகவும்தான்" என்றாள்.

ஏப்ரல் 26, சனி

பக்கத்து நகரத்தாரை 1-0 வென்றோம். ஆரணி வந்தாள். இதற்குப் பிறகு அவளுக்கு நேரமில்லை. தாலிக்குப் பொன்னுருக்கல், பலகாரச் சூடு, ஆட்கள் வருகை. பொன்னுருக்கினால் பொம்பிளை வெளியே திரியவும் கூடாது என்று மலர் சொல்லிவிட்டாள்.

கோல் எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு விழுந்தது. யார் அடித்தார் என்று பத்திரிகையில்தான் பார்க்க வேண்டும். அந்த நேரம் நான் ஆரணி கத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 10, சனி

சமன். தெற்குப் பணக்காரர்களும் சமன். ஒரு புள்ளி. கடைசி நாளில் வென்றால் சம்பியன். நான் அன்றே சொன்னேன், எங்கள் ஆட்களை நம்பேலாது என்று. சொன்னது சரிவந்தும் ஒரு சந்தோசமும் இல்லை. வாழைமரம் ஒழுங்கு பண்ணப் போகிறேன்.

மே 18, ஞாயிறு

நேற்று எழுதவில்லை.

தாலி கட்டியது பதினொரு மணிக்குப் பிறகு. அதற்கு முன் தாரை வார்க்க வேண்டும். ஆரணியின் கையை என் கையில் வைத்து, கஜனின் கையில் கொடுத்து, மலர் தண்ணீர் வார்க்க வேண்டும். நான் கையை எடுக்கவில்லையாம். குருக்கள் மந்திரத்தை நிறுத்தி, "தவபாலன், விடுங்கோ" என்று மெதுவாகச் சொன்னாராம். எனக்கு ஞாபகமில்லை. வீடியோவில் இருக்கும்.

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. அறுகரிசி போட்டு வாழ்த்த வந்தவர்களின் வரிசை மண்டப வாசல்வரை நின்றது. பிறகு வரிசையில் இளம் ஆண்பிள்ளைகள் குறைந்தார்கள். வேட்டியோடு கார்த் தரிப்பிடத்தில் ஒரு கைபேசியைச் சுற்றி நிற்கிறார்கள் என்று தெரியும். நான் போகவில்லை. கனடாக்காரரின் பந்தியில் நின்றேன். "வடை இன்னொண்டு வைக்கட்டோ?" என்று ஒருவரிடமே மூன்று முறை கேட்டிருக்கிறேன். கடைசியில் அவர் இலையைக் கையால் மூடிக்கொண்டார்.

வெளியே ஒருமுறை சத்தம் வந்தது, அடங்கியது. யாருக்குச் சத்தம் என்று தெரியவில்லை. மணவறையை நிமிர்ந்து பார்த்தேன். கஜன் தலையைக் குனிந்து, சால்வைக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். ஆரணியின் காதில் ஏதோ சொன்னான். அவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். மருதோன்றிக் கையை மடியில் வைத்தபடி ஒரு விரலைக் காட்டினாள், பிறகு முகத்தைச் சுளித்து மற்றக் கையிலும் ஒரு விரல். 1-1.

கஜனின் தாய் என்னிடம்தான் வாக்கு வாங்கினார். மகனிடம் வாங்க நினைக்கவில்லை. கஜனிடம் பிழை பிடிக்கும் வேலையை நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

ஐந்து மணி கழிந்தது. பாயாச வாளியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அறுகரிசி போட ஒரு கிழவர் குனிந்து, அவளை மறைத்துக்கொண்டு, நிதானமாக நீளமாக வாழ்த்தினார். அவர் விலகியபோது ஆரணி இரண்டு விரலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தாள். கூறைச் சேலையோடு, மாலையோடு, எழும்பி நின்று. சிவப்பு அவளுக்கு நல்ல வடிவு. அதற்குள் வீதியில் கார்கள் ஹோன் அடிக்கத் தொடங்கிவிட்டன. தவில்காரரும் என்னவென்று தெரியாமல் கெட்டிமேளம் கொட்டினார்.

தையல்நாயகி அக்கா என் தோளைத் தொட்டார். "வெண்டிட்டியளாம். போங்கோ தம்பி, இனிப் போய் ஃபோனைப் பாருங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

"பொம்பிளை மாப்பிள்ளை இன்னும் வெளிக்கிடேல்லை அக்கா" என்றேன்.

அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வெளிக்கிட்டார்கள். நான் கைபேசியைப் பார்க்கவில்லை. இந்த நிமிடம்வரை அந்த இரண்டாவது கோலைப் பார்க்கவில்லை.

மே 19, திங்கள்

வெற்றி ஊர்வலத்துக்காக வீதிகளை அடைத்துவிட்டார்கள். காரில் போக வழியில்லை. பெட்டிகளை இழுத்துக்கொண்டு நாலு பேரும் ரயிலில் விமான நிலையம் போனோம். பாதுகாப்புச் சோதனை வாசலில் ஆரணி என்னைக் கட்டிப்பிடித்தாள். "போய் இறங்கினவுடனை எடு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மலர் வாய்விட்டு அழுதாள். நான் பெட்டி வண்டியைத் திருப்பி விடப் போனேன்.

திரும்பி வரும்போது ட்ராம் சந்தைச் சதுக்கத்தில் நின்றுவிட்டது. முன்னால் முழுக்கப் பச்சைச் சனம். பெரிய ஆண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பொலிஸ்காரர் ஒருவர்கூட மூக்கைச் சிந்தினார். அப்போதுதான் எனக்கும் வந்தது. சத்தமாக வந்தது, நிறுத்த முடியவில்லை. இந்த நகரத்தில் இன்று ஒரு மனிதன் அழுதால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எழுதிவிடுகிறேன், கொப்பிதானே: லிண்டன் வென்றதற்காக நான் ஒரு சொட்டும் அழவில்லை. என் பிள்ளை போய்விட்டாள்.

எதிரே ஒரு வயதான ஜெர்மன்காரர், கழுத்தில் பழைய பச்சைச் சால்வை. அவருக்கும் கண் சிவந்திருந்தது. குனிந்து என் முழங்காலைத் தட்டினார்.

"எத்தனை வருடம்?" என்று கேட்டார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மலர் பதில் சொன்னாள், பந்தைப் பற்றி இந்த வருடம் ஒரு வார்த்தை பேசாதவள், தன் ஜெர்மன் மொழியில்: "இருபத்தேழு."

"முப்பத்தொன்று அல்லவா?"

"எங்களுக்கு இருபத்தேழு."

அவர் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அதுவும் நீண்ட காலம்தான்" என்றார்.

"போதாது" என்றேன், தமிழில். அவருக்கு விளங்கியிருக்காது. எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.